சி4 இலைக்குள் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது? கேழ்வரகு, மக்காச்சோளம், ஒரு பிளேடு வைத்துக் கற்றுக்கொள்ள

பதினொன்றாம் வகுப்பு தாவரவியல் புத்தகத்தில் சி4 ஒளிச்சேர்க்கைக்கு (கார்பன் டை ஆக்சைடை ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் குவிக்கும் முறைக்கு) ஒரு படம் இருக்கும். இடது பக்கம் ஒரு செல், வலது பக்கம் ஒரு செல், நடுவில் போக வர அம்புக்குறிகள். காட்பாடியில் என்னிடம் மாலை நேரத்தில் படிக்க வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் படம் அத்துப்படி. "மாலிக் அமிலம் எங்கே உடைகிறது?" என்று கேட்டால் "கற்றை உறை செல்லில்" (இலை நரம்பைச் சுற்றியிருக்கும் செல்) என்று பட்டென்று பதில் வரும். "சரி, அந்த செல்லுக்குள் எங்கே?" என்று கேட்டால் அமைதி. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள், பி.எஸ்சி. முதல் வருஷத்துப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், வெறும் ஆர்வத்தில் படிக்கிறவர்கள் என யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி பாதி தூரம் போகலாம். மீதிப் பாதிக்கு ஒரு கல்லூரி ஆய்வகம் வேண்டும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். மற்ற செடிகளிடம் இல்லாத ஏதோ விசேஷ நொதிகள் சி4 செடிகளிடம் இருக்கின்றன என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார்பனை முதலில் பிடிக்கும் பெப் கார்பாக்சிலேஸ் நெல்லில் இருக்கிறது, கத்திரியில் இருக்கிறது, மாலிக் அமிலத்தை உடைக்கும் மாலிக் நொதியும் இருக்கிறது. அங்கே அவை கொஞ்சமாக இருந்து வேறு சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சி4 செடி செய்ததெல்லாம், அதே நொதிகளை நிறையச் செய்து, நீ இந்த செல்லில், நீ அந்த செல்லில், அதிலும் இந்த அறையில் என்று பிரித்து உட்கார வைத்ததுதான். இந்தப் பிரிப்பு தாவர வரலாற்றில் 60 தடவைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது. புதுசாக நொதியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் இத்தனை தடவை நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஏன் பிரிக்க வேண்டும்? ரூபிஸ்கோ என்ற நொதிதான் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சர்க்கரைக்கு வழி செய்கிறது. ஆனால் அது ஆக்சிஜனையும் பிடித்துவிடும். வெப்பம் ஏற ஏற இது அதிகமாகிறது. ஒன்று, சூடான தண்ணீரில் ஆக்சிஜனைவிட கார்பன் டை ஆக்சைடின் கரைதிறன் வேகமாகக் குறைகிறது. இன்னொன்று, ரூபிஸ்கோவுக்கே இரண்டையும் பிரித்தறியும் திறமை குறைந்துவிடுகிறது. ஆக்சிஜனைப் பிடித்த பிறகு அதைச் சரிசெய்ய செடி ஏற்கெனவே பிடித்து வைத்த கார்பனில் கொஞ்சத்தை இழக்கிறது, அதுதான் ஒளிச்சுவாசம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் நிலக்கடலை இலைக்கும் கத்திரி இலைக்கும் இது தினப்படி நஷ்டம்.

பெப் கார்பாக்சிலேஸுக்கு அந்தக் குழப்பம் கிடையாது, ஏனென்றால் அது பிடிப்பது தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டை. அதனால் சி4 செடி அதை வாசலில் நிற்க வைத்துவிட்டு, ரூபிஸ்கோவை உள் அறையில் வைத்தது. காய்கறி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: வாசலில் ஒருவர் வண்டியிலிருந்து சரக்கை இறக்கி மூட்டை கட்டி உள்ளே அனுப்புகிறார், உள்ளே கிடங்கில் இன்னொருவர் மூட்டையைப் பிரித்துக் குவிக்கிறார், காலிச் சாக்கு வாசலுக்குத் திரும்புகிறது. வாசல் என்பது இலையிடைத்திசு செல், கிடங்கு என்பது கற்றை உறை செல். மூட்டை என்பது மாலிக் அமிலம் அல்லது அஸ்பார்டிக் அமிலம், நான்கு கார்பன் உள்ளது, சி4 என்ற பெயர் அதனால்தான். உள்ளே பிரித்ததும் கார்பன் டை ஆக்சைடு அங்கே குவிந்துவிடுவதால் ரூபிஸ்கோ ஆக்சிஜனைத் தொடுவது வெகுவாகக் குறைகிறது.

நோட்டில் முதலில் முகவரியை எழுதுங்கள்

ஒவ்வொரு புரதத்துக்கும் இரண்டு வரி முகவரி எழுதப் பழகுங்கள்: எந்த செல், செல்லுக்குள் எந்த அறை. பெப் கார்பாக்சிலேஸ்: இலையிடைத்திசு செல், சைட்டோபிளாசம். பசுங்கணிகத்துக்குள் இல்லை, இதைத்தான் முக்கால்வாசிப் பேர் தப்பாக எழுதுகிறார்கள். காலிச் சாக்காகத் திரும்பி வரும் பைருவேட்டை மறுபடி பெப்பாக (மூட்டை கட்டத் தேவையான மூன்று கார்பன் பொருளாக) மாற்றுவது பைருவேட் பாஸ்பேட் டைகைனேஸ்: அதே இலையிடைத்திசு செல், ஆனால் பசுங்கணிகத்தின் உள்ளே. ரூபிஸ்கோ: கற்றை உறை செல், பசுங்கணிகம்.

மூட்டையைப் பிரிக்கிற நொதி மட்டும் செடிக்குச் செடி மாறும், இங்கேதான் விஷயம் ருசியாகிறது. மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு இவற்றில் பிரிப்பது கற்றை உறை செல்லின் பசுங்கணிகத்திலேயே. கேழ்வரகு, சாமை, அருகம்புல், அரைக்கீரை வகைகள் இவற்றில் பிரிப்பது கற்றை உறை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில். மாட்டுக்குப் போடும் கினிப்புல்லில் பிரிக்கும் வேலையின் பெரும்பகுதி அதே செல்லின் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ஒரே வேலை, மூன்று அறைகள்.

இலை சேகரிப்பது

வேலூரைச் சுற்றி சி4 செடிக்குப் பஞ்சமே இல்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கேழ்வரகு, ஜவ்வாது மலையில் சாமை, திருவலம் பக்கம் கரும்பு, வீட்டு வாசலில் அருகம்புல், கோரை, பாலாற்று மணலோரம் நெருஞ்சி. கீரைக்கூடையில் பாதி சி4தான்: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் சேரும். ஆனால் எல்லாக் கீரையும் அல்ல, மணத்தக்காளியும் வெந்தயக்கீரையும் பாலக்கும் சி3, அதாவது இந்த வாசல்-கிடங்கு ஏற்பாடு இல்லாத சாதாரண வகை. அதே மாதிரி புல் என்றால் சி4 என்று முடிவு கட்டாதீர்கள், நெல்லும் மூங்கிலும் புல்தான், இரண்டும் சி3.

ஒப்பிட ஒரு சி3 இலை கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்தில் நெல் சுலபமாகக் கிடைக்கிறதே என்று நெல் இலையை எடுத்தால் அயோடின் சோதனையில் ஏமாந்து போவீர்கள். நெல் இலை பகலில் பெரும்பாலும் சுக்ரோஸாகத்தான் சேர்த்து வைக்கிறது, மாவுச்சத்து குறைவு, அதனால் நிறம் சரியாக வராது. அவரை இலை எடுங்கள், அல்லது கத்திரி இலை.

நேரமும் முக்கியம். நல்ல வெயில் அடித்த நாளில், தண்ணீர் பாய்ந்த செடியில், மாலை 3 அல்லது 4 மணிக்குப் பறியுங்கள். ராத்திரியில் மாவுச்சத்து கரைந்துவிடுவதால், காலையில் பறித்த இலையில் ஒன்றும் தெரியாது. பறித்ததும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துவாருங்கள்.

கண்ணாலேயே பார்ப்பது

இதற்கு எதுவும் வாங்க வேண்டாம். மார்க்கெட்டில் ஒரு நாள் அரைக்கீரைக் கட்டிலிருந்து ஒரு இலையை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரைக்கார அம்மா, "இன்னா கண்ணு, தூக்கித் தூக்கிப் பாக்கற, பூச்சி எதுவும் கெடையாது, காலையில பறிச்சது" என்றார். பூச்சியில்லை, நரம்பைப் பார்க்கிறேன் என்று அவரிடமே இலையைக் கொடுத்தேன். "ஆமாம், நரம்பு பச்சையா இருக்குது" என்றார். அதேதான். சி3 இலையை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகள் வெளிறிய கோடுகளாகத் தெரியும். அரைக்கீரை இலையிலோ, அம்மான் பச்சரிசி இலையிலோ, சின்ன நரம்புகள் இலையின் மற்ற பகுதியைவிடக் கரும்பச்சையாக, வலை பின்னினது மாதிரி தெரியும். கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு. நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறை செல்களில் பசுங்கணிகங்கள் பெரிதாகவும் நெருக்கமாகவும் அடைந்திருப்பதுதான் அந்தக் கரும்பச்சை. ரூபிஸ்கோ குடியிருக்கும் தெருவை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

பக்கத்தில் அவரை இலையை வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், பிறகு உதவும்.

செக்‌ஷன் எடுப்பது

செக்‌ஷன் என்றால் இலையின் மெல்லிய குறுக்குவெட்டுச் சீவல். அதற்குத் தேவை: ஒரு புது ஷேவிங் பிளேடு, ஒரு கேரட், ஒரு சின்ன பிரஷ், ஒரு சாஸரில் தண்ணீர், ஸ்லைடு, கவர் ஸ்லிப், பள்ளி மைக்ரோஸ்கோப். காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தாலும் போதும்.

கேரட்டில் விரல் நீளத் துண்டு வெட்டி நடுவில் நெட்டுவாக்கில் ஒரு கீறல் போட்டு, கேழ்வரகு இலைத் துண்டை நரம்பு மேலும் கீழுமாக நிற்கும்படி செருகுங்கள். பிளேடையும் கேரட்டையும் நனைத்துக்கொண்டு, அழுத்தாமல், உங்கள் பக்கமாக இழுத்து இழுத்துச் சீவுங்கள். இருபது சீவினால் இரண்டு தேறும், அது போதும். செக்‌ஷன் முழுவதும் ஒரே மெலிசாக இருக்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். ஆப்பு மாதிரி ஒரு ஓரம் தடிமனாகவும் மறு ஓரம் மெலிதாகவும் வந்தால் மெலிந்த ஓரத்தில் எல்லாம் தெரியும். கேழ்வரகு இலையில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி முனையை மாற்றுங்கள். மிதக்கும் துண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்ததை பிரஷால் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மூடுங்கள். எந்தச் சாயமும் வேண்டாம், பச்சையாகவே பாருங்கள்.

நரம்பு நடுவில் இருக்கும், அதைச் சுற்றிப் பெரிய செல்கள் ஒரு வளையம், அந்த வளையத்தைச் சுற்றி இலையிடைத்திசு செல்கள் இன்னொரு வளையம். தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் 1884-ல் எழுதிய தாவர உள்ளமைப்பு நூலில் இதை மாலை மாதிரி இருக்கிறது என்ற பொருளில் கிரான்ஸ் என்றார். அந்த ஜெர்மன் சொல்லுக்கு மலர்வளையம் என்று அர்த்தம். அந்த வளையம் எதற்கு என்று விளங்க எண்பது வருஷம் ஆனது. 1965-ல் ஹவாயில் கரும்பு இலையை ஆராய்ந்தவர்கள் கார்பன் முதலில் நான்கு கார்பன் அமிலங்களில் போய்ச் சேர்வதை வெளியிட்டார்கள். 1966-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் அதற்கு வழித்தடம் வரைந்தார்கள். நம் பக்கத்து ஊரான திருப்பதியில், வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில், ராமதாஸும் ராகவேந்திராவும் 1970-களில் சி4 செடிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தத் துறைக்கும் நம் மண்ணுக்கும் தூரம் அதிகமில்லை.

ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில் எத்தனை இலையிடைத்திசு செல் இருக்கிறது என்று எண்ணுங்கள். சி4 புல்லில் வழக்கமாக இரண்டுதான், ஒவ்வொன்றும் ஒரு கற்றை உறை செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூட்டை தூக்குகிறவர் நடுவில் இன்னொரு வீட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நெல்லில் எண்ணிப் பாருங்கள், அதைவிட எத்தனையோ அதிகம் இருக்கும்.

கேழ்வரகையும் மக்காச்சோளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கேழ்வரகு செக்‌ஷனை நாற்பது மடங்கு லென்ஸில் கொண்டுவந்து ஒரே ஒரு கற்றை உறை செல்லை மட்டும் பாருங்கள். பச்சை செல் முழுவதும் பரவியிருக்காது. பசுங்கணிகங்கள் எல்லாம் நரம்பைப் பார்த்த பக்கத்தில், உள்சுவரோடு ஒட்டிக் குவிந்திருக்கும், வெளிப்பக்கம் வெறிச்சென்று வெளிறிக் கிடக்கும். வளையத்தை மொத்தமாகப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் பச்சை மை போட்டு வரைந்தது மாதிரி இருக்கும். (கேழ்வரகில் பச்சை வளையத்துக்கும் நரம்புக்கும் நடுவில் பச்சையில்லாத சின்னச் செல்களின் இன்னொரு வளையம் உண்டு, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.) இப்போது மக்காச்சோள செக்‌ஷனை வையுங்கள். இங்கே வளையம் ஒன்றுதான், பசுங்கணிகங்கள் நேர் எதிராக வெளிச்சுவரோடு, இலையிடைத்திசு செல்லைப் பார்த்த பக்கத்தில் ஒட்டியிருக்கும்.

முதல் தடவை இதைத் தெளிவாகப் பார்த்த ஒரு மாணவி மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை, மாற்றி மாற்றி இரண்டு ஸ்லைடையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் இன்றுவரை இது அலுக்கவில்லை.

காரணம் முகவரிப் பட்டியலில் இருக்கிறது. கேழ்வரகில் மூட்டை உடைவது மைட்டோகாண்ட்ரியாவில் என்றேன் அல்லவா, அந்த மைட்டோகாண்ட்ரியாக்களும் பசுங்கணிகங்களோடு சேர்ந்து உள்சுவர்ப் பக்கமே கும்பலாக இருக்கின்றன. வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு பக்கத்திலிருக்கும் ரூபிஸ்கோவிடம் உடனே சிக்கும், தப்பி வாசல் பக்கம் ஓட வேண்டுமென்றால் செல்லின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். அதனால் கசிவு குறைகிறது என்று கருதுகிறார்கள். அதாவது ஒரு புரதத்தின் இடம் என்பது எந்தப் பையில் இருக்கிறது என்பதோடு முடியவில்லை, அந்தப் பை செல்லின் எந்த மூலையில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான். கேழ்வரகு இலையை உயிரோடு மையவிலக்கியில் சுற்றிப் பசுங்கணிகங்களை இடம்பெயர வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவை திரும்பவும் நரம்புப் பக்கமே போய்ச் சேர்கின்றன, அதற்கு செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் தேவைப்படுகின்றன.

அயோடின்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்தால் போதும், லேப்பில் லூகால் கரைசல் இருந்தால் இன்னும் நல்லது. செக்‌ஷனை எடுத்து மாற்ற வேண்டாம். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், எதிர் ஓரத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைத் தொட வையுங்கள். அயோடின் உள்ளே இழுக்கப்படும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அதே செல்களில் நிறம் மாறுவது நேராகத் தெரியும். வளையச் செல்கள் கருநீலமாகும், வெளியே இலையிடைத்திசு பழுப்பு மஞ்சளோடு நின்றுவிடும். அவரையில் இலையிடைத்திசு முழுக்க நீலம் பரவும்.

ஆனால் நீங்கள் பார்த்தது மாவுச்சத்து, புரதம் அல்ல. ரூபிஸ்கோ இருக்கும் செல்லில் சர்க்கரை உருவாகி மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது என்பது ஒரு துப்பு, அவ்வளவுதான். புரதம் இங்கே இருக்கிறது என்று சொல்ல நேரடிச் சாட்சி வேண்டும். ரிக்கார்டில் "அயோடின் மூலம் ரூபிஸ்கோ கண்டறியப்பட்டது" என்று எழுதுகிற தப்பைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மிக்ஸியில் இரண்டு செல்லையும் பிரிப்பது

தீவனக் கடையில் மருந்து பூசாத மக்காச்சோளம் கால் கிலோ வாங்கி, ஒரு கைப்பிடியைத் தொட்டியில் விதைத்து இரண்டு வாரம் வெயிலில் வளருங்கள். இலையின் நுனிப் பாதியை மட்டும் எடுங்கள், ஏனென்றால் மக்காச்சோள இலை அடியில் இளசு, நுனியில் முற்றல். அடிப்பகுதியில் இந்தப் புரதப் பிரிவினை இன்னும் முழுதாக ஏற்பட்டிருக்காது. நடுநரம்பை நீக்கிவிட்டு, கத்தரிக்கோலால் குறுக்கே மிகச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் சேர்த்துச் சின்ன ஜாரில் இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். அப்படி நாலைந்து தடவை. டீ வடிகட்டியில் வடித்து, பிறகு மெல்லிய நைலான் துணியில் வடியுங்கள்.

இலையிடைத்திசு செல்லின் சுவர் மெல்லியது, அது சட்டென்று உடைந்து பச்சைச் சாறாக இறங்கிவிடும். கற்றை உறை செல்லின் சுவர் தடிமன், அது நரம்போடு ஒட்டியபடி பிழைத்திருக்கும். துணியில் தங்கியதை மறுபடி ஜாரில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிஷம் ஓட்டி, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கடைசியில் துணியில் கரும்பச்சை நூல் நூலாக நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஸ்லைடில் வைத்தால், நடுவில் நரம்பு ஓட, இருபக்கமும் கொழுத்த பச்சைச் செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அயோடின் விட்டால் வரிசை முழுக்கக் கருநீலம்.

வேலை முடிந்ததும் ஜாரை நன்றாகக் கழுவுங்கள், அயோடின் பட்ட எதையும் சமையல் பாத்திரத்தோடு சேர்க்காதீர்கள்.

கல்லூரி ஆய்வகத்தில்

இதே பிரிப்பை ஐஸில் வைத்த பஃபரில் செய்து, முதல் சாறு ஒரு பங்கு, கற்றை உறை நூல்கள் ஒரு பங்கு, முழு இலை ஒரு பங்கு என மூன்றையும், புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டலாம். ரூபிஸ்கோவின் பெரிய துணையலகு 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் தடித்த பட்டையாகவும், சின்னத் துணையலகு 15 பக்கத்திலும் தெரியும், இரண்டும் நூல் பங்கில் ஓங்கி நிற்க வேண்டும். 100-க்கு மேல் வரும் பெப் கார்பாக்சிலேஸ் பட்டை சாற்றுப் பங்கில் ஓங்க வேண்டும். சாற்றிலும் கொஞ்சம் ரூபிஸ்கோ வந்தால் பதறாதீர்கள், ஜாரில் சில கற்றை உறை செல்களும் உடைந்திருக்கும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லத்தான் இரண்டு நொதியையும் இரண்டு பங்கிலும் பார்க்கிறோம். மூன்று குழியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றினீர்களா என்பதையும் ஜெல் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், அது இல்லாத படத்தை வைத்து எதையும் பேச முடியாது.

இது எந்த செல் என்ற கேள்விக்குப் பதில். எந்த அறை என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இலையை பார்மால்டிஹைடு வகையில் நிலைப்படுத்தி, பிசினில் பதித்து, மிக மெல்லிய செக்‌ஷன் எடுத்து, அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு, அதன்மேல் பொன் துகள் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியைப் போட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. கறுப்புப் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே புரதம். இப்படிப் படம் போட்ட கட்டுரையைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, ஆன்டிபாடி உண்டாக அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசி போடுவதற்கு முன் அதே முயலிடம் எடுத்த ரத்தநீரை வைத்து ஒரு படம் காட்டியிருக்கிறார்களா என்பது. அது வெறுமையாக இருந்தால்தான் மற்றப் படத்தின் புள்ளிகளை நம்பலாம்.

இன்னொரு வழி, பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தை நம் புரதத்தோடு ஒட்டிச் செல்லுக்குள் விட்டுப் பார்ப்பது. பச்சையம் தானாகவே சிவப்பாக ஒளிரும், பச்சையும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பசுங்கணிகத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். புதியவர்கள் இங்கே செய்யும் தப்பு ஒட்டும் பக்கத்தில். பசுங்கணிகத்துக்குப் போக வேண்டிய புரதத்தின் முன்முனையில் ஒரு முகவரித் துண்டு இருக்கும், உள்ளே நுழைந்ததும் அது வெட்டப்பட்டுவிடும். ஜி.எஃப்.பி.யை முன்னால் ஒட்டினால் பஸ்ஸின் முன்பலகையை மறைத்து பேனர் கட்டினது மாதிரி, எந்த ஊர் போக வேண்டும் என்பதே தெரியாது. பின்முனையில் ஒட்டுங்கள்.

முகவரியை யார் எழுதுகிறார்கள்

ரூபிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய துணையலகின் மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருக்கிறது, சின்னதின் மரபணு உட்கருவில். சின்னது சைட்டோபிளாசத்தில் உருவாகி, முன்முனைத் துண்டைக் காட்டி உள்ளே போய், எட்டுப் பெரியது எட்டுச் சின்னது என்று சேர்ந்து நொதி ஆகிறது. மக்காச்சோளத்தின் இலையிடைத்திசு செல்லிலும் இதே இரண்டு மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் புரதம் இல்லை. ஆக இரண்டு செல் உள்ள சி4 செடியில் பெரும்பாலான முடிவு, எந்த செல்லில் எந்த மரபணு பேச (செயல்பட) வேண்டும், எந்த ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல்) நிலைக்க வேண்டும் என்ற இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அப்படியென்றால் ஒரே செல்லுக்குள் முழு சி4-ஐயும் நடத்தினால்? 2001-ல் சுவைடா அராலோகாஸ்பிகா என்ற உவர்நிலச் செடியில் அப்படியே நடப்பதாக வெளியானபோது பாடப்புத்தகக் கருத்தே ஆடிப்போனது. நீண்ட செல், ஒரு முனையில் ஒரு வகைப் பசுங்கணிகம், மறு முனையில் ஒரு வகை. பிறகு பியனெர்டியா என்ற இனத்தில் இன்னொரு மாதிரி: நடுவில் ஒரு பந்து போலப் பசுங்கணிகங்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அடைந்திருக்க, ஓரமாக இன்னொரு வகைப் பசுங்கணிகம். ரூபிஸ்கோ நடுப்பந்தில், பைருவேட்டைப் பெப்பாக்கும் நொதி ஓரத்தில். உட்கரு ஒன்றே ஒன்று, ஆகவே எந்த செல்லில் மரபணு பேசுகிறது என்ற விளக்கம் இங்கே எடுபடாது. ஒரே சைட்டோபிளாசத்தில் மிதக்கும் புரதம் இந்தப் பசுங்கணிகத்துக்குள் போகலாம், அதற்குள் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? பியனெர்டியாவில் 2017-ல் வெளியான ஒரு ஆய்வு, ஓரத்துக்குரிய புரதங்களின் முன்முனைத் துண்டில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் காட்டியது: ஒன்று எந்தப் பசுங்கணிகத்துக்கும் அழைத்துப் போவது, இன்னொன்று நடுப்பந்தில் உள்ளவற்றில் சேராமல் தடுப்பது. பலகையில் ஊர்ப் பெயரோடு "இந்த ஸ்டாப்பில் நிற்காது" என்றும் எழுதியிருப்பது மாதிரி.

நெல்லை சி4 ஆக்க உலகின் பல ஆய்வகங்கள் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக உழைத்துக்கொண்டிருப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று இப்போது புரியும். நொதிகளின் மரபணுவை நுழைப்பது ஒரு பங்கு வேலை. நரம்புகளை நெருக்கி, கற்றை உறையில் பசுங்கணிகத்தை நிறைத்து, ஒவ்வொரு நொதியையும் அதனதன் இடத்தில் உட்கார வைப்பது மீதி.

அடுத்து எடுக்க வேண்டிய இரண்டு செடிகள்

பியனெர்டியா நம் ஊரில் முளைக்காது. ஆனால் மழைக்குப் பிறகு வேலூரின் எந்தப் புறம்போக்கிலும் நல்வேளையும் நாய்வேளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வெள்ளைப் பூ நல்வேளை, மஞ்சள் பூ நாய்வேளை. இரண்டும் ஒரே குடும்பம், நல்வேளை சி4, நாய்வேளை சி3. நல்வேளையில் மூட்டை உடைவது கேழ்வரகு மாதிரியே மைட்டோகாண்ட்ரியாவில். ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸுக்குத் தூரத்து உறவு என்பதால் வெளிநாட்டு ஆய்வகங்களில் இதை வளர்க்கிறார்கள். நல்வேளையின் மாலிக் நொதி மரபணுவைக் கற்றை உறையில் மட்டும் பேச வைக்கும் துண்டு, அந்த மரபணுவின் குறியீட்டுப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது என்று 2011-ல் கண்டார்கள். அதைவிட ஆச்சரியம், சி3 செடியான அராபிடாப்சிஸின் அதே மரபணுத் துண்டை நல்வேளைக்குள் வைத்தபோது அதுவும் கற்றை உறைக்கே போனது. முகவரி எழுதும் மை சி3 செடியிடமே ஏற்கெனவே இருந்திருக்கிறது.

இரண்டு செடியிலும் ஒவ்வொரு இலை, மாலை 4 மணிக்கு, ஒரே கேரட்டின் இரண்டு கீறலில் செருகி, ஒரே ஸ்லைடில் வலதும் இடதுமாக வையுங்கள். எது எந்தப் பக்கம் என்று ஸ்லைடு ஓரத்தில் மார்க்கரால் எழுதிவிட்டு, பச்சையாக ஒரு போட்டோ, அயோடின் விட்டு ஒரு போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.